வண்டியைக் கொடுக்குமுன் புத்தகம் எங்கே?



பதுளைப் பக்கத்துத் தோட்டச் சந்தி ஒன்றில் வசிக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது. அவருடைய கணவர் சந்தியில் சில்லறைக் கடை வைத்திருந்தவர். பதுளையிலிருந்து அரிசி, மா, சீனி ஏற்றிவர ஒரு பழைய ஹையேஸ் வேன் வைத்திருந்தார். அவர் மௌத்தாகி இரண்டு வருடங்களாகின்றன. வேன் முற்றத்தில் தார்ப்பாய் போர்த்தியபடி நிற்கிறது. அதைப் பள்ளிவாசலுக்கு ஜனாஸா வாகனமாகக் கொடுத்துவிட்டால் மர்ஹூமுக்கு ஸதகத்துல் ஜாரியாவாக அமையுமே என்பது சகோதரியின் ஆசை. பள்ளி நிர்வாகத்தினரும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளத் தயார். ஆனால் வண்டியின் பதிவுப் புத்தகத்தைக் காணவில்லை. கூரை ஒழுகி நனைந்த கடதாசிகளோடு அதுவும் போயிருக்கலாம் என்கிறார். போதாக்குறைக்கு, கணவர் அந்த வேனை வெலிமடைப் பக்கத்து ஒருவரிடம் ‘ஓப்பன் பேப்பரில்’ வாங்கினாராம். பெயர் மாற்றவே இல்லை. “புத்தகம் இல்லாமல் கொடுத்தால் ஸதகா கூடுமா ஹஸ்ரத்? கொடுக்காமல் துருப்பிடிக்க விட்டால் குற்றமாகுமா?” என்று கேட்டிருக்கிறார்.

இந்த ஆசையின் அருமை மலைநாட்டில் வாழ்கிறவர்களுக்குத்தான் நன்றாகப் புரியும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளை, ஹல்தும்முல்லை என்று எந்தப் பக்கம் போனாலும் நமது குடும்பங்கள் தோட்டத்துக்கு இரண்டு, சந்திக்கு நான்கு என்று சிதறியே இருக்கின்றன. ஒரு பள்ளிவாசலை நம்பிப் பல தோட்டங்கள். பதுளை ஆஸ்பத்திரியில் ஒருவர் மௌத்தானால் ஜனாஸாவை வீட்டுக்குக் கொண்டுவரவும், பிறகு மையவாடிக்குக் கொண்டுசெல்லவும் வாடகை வண்டியைத் தேடி அலைய வேண்டும். பள்ளியிடம் ஒரு வேன் இருந்தால் நடு இரவில் வலி கண்ட கர்ப்பிணியையும், லயத்தில் காய்ச்சலில் கிடக்கும் தமிழ்ச் சகோதரரின் பிள்ளையையும் அதே வேன் ஏற்றிச் செல்லும். ஆகவே நிய்யத்து மிகப் பெரியது. நிய்யத்து பெரியதாக இருப்பதால்தான் காரியமும் செம்மையாக நடக்க வேண்டும்.

சகோதரியின் கேள்வி ஒன்றுபோலத் தோன்றினாலும் அதற்குள் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. புத்தகம் தொலைந்தது ஒன்று. புத்தகம் இன்னொருவர் பெயரில் இருப்பது இரண்டாவது. வண்டியை வாங்கியவர் மௌத்தாகிவிட்டது மூன்றாவது. பலரும் முதலாவதைத்தான் பெரிதாக நினைத்துப் பதறுகிறார்கள். உண்மையில் மூன்றாவதே பெரியது. அதை முதலில் பார்ப்போம்.

வண்டி யாருடையது?

தன்னிடம் இல்லாத பொருளை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்தது ஹதீஸில் வந்திருக்கிறது. விற்பனைக்கு உள்ள இந்த ஒழுங்கு தானத்துக்கும் உண்டு. கொடுப்பவர் அப்பொருளின் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பது ஹிபாவுக்கும் வக்புக்கும் நமது ஷாபிஈ மத்ஹபில் அடிப்படை நிபந்தனை.

வாகனத்தை வக்பு செய்யலாமா, நிலமும் கட்டடமும் மட்டுந்தானே வக்பாகும் என்று சிலர் கேட்பதுண்டு. தாராளமாகச் செய்யலாம். காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் தமது கவசங்களையும் போர்த் தளவாடங்களையும் அல்லாஹ்வின் பாதையில் ஒதுக்கி வைத்திருந்ததை நபி (ஸல்) அவர்களே எடுத்துச் சொன்னார்கள். அசையும் பொருளையும் வக்பு செய்யலாம் என்பதற்கு இமாம்கள் இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். பொருள் அழியாமல் நின்று பலன் தருவதாக இருந்தால் போதும். ஓடக்கூடிய வேன் அப்படிப்பட்டதே.

அப்படியானால் சகோதரியின் முற்றத்தில் நிற்கும் வேன் யாருக்குச் சொந்தம்? கணவர் முழு விலையையும் கொடுத்து, விற்றவர் சம்மதித்து வண்டியை ஒப்படைத்திருந்தால், மார்க்கப்படி அது கணவருக்குச் சொந்தமாகிவிட்டது. புத்தகத்தில் பெயர் மாறாதது அந்த உரிமையை இல்லாமல் ஆக்காது. புத்தகம் என்பது உரிமைக்குச் சாட்சி சொல்லும் ஆவணம்.

ஆனால் கணவர் மௌத்தான அந்தக் கணத்திலேயே வேன் அவருடைய சொத்து என்ற நிலை முடிந்துவிடுகிறது. கபன் செலவும் கடனும் தீர்த்து, வஸிய்யத்து ஏதும் இருந்தால் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல் அதையும் நிறைவேற்றிய பின் எஞ்சுவதெல்லாம் வாரிசுகளின் ஹக்கு. ‘அவருடைய வண்டி, அவர் பெயரில் கொடுக்கிறேன்’ என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். மார்க்கத்தின் கணக்கில் அது இப்போது வாரிசுகளின் வண்டி.

இந்தச் சகோதரிக்கு மாமியார் உயிரோடு இருக்கிறார், மாமனார் இல்லை. பிள்ளைகள் மூவர்: கலியாணமான மூத்த மகள், 12 வயது மகன், 9 வயது இளைய மகள். சூரா நிஸாவில் அல்லாஹ் விதித்த பங்குகளின்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. மிகுதியில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. வேனை 96 பங்காக வைத்துக் கணக்குப் பார்த்தால்:

மனைவிக்கு 12 பங்கு. தாய்க்கு 16 பங்கு. மகனுக்கு 34 பங்கு. இரண்டு மகள்மாருக்கும் ஆளுக்கு 17 பங்கு.

இப்போது சிறு பிள்ளைகள் இருவரின் பங்கைக் கூட்டிப் பாருங்கள். 34உம் 17உம் 51. தொண்ணூற்றாறில் ஐம்பத்தொன்று! வேனின் பாதிக்கு மேல் இரண்டு யதீம் பிள்ளைகளுக்குச் சொந்தம். தாயின் பங்கு எட்டில் ஒன்றுதான். முழு வேனையும் பள்ளிக்கு ஓட்டிக் கொடுத்தால் அங்கே தானம் செய்யப்படுவது பெரும்பாலும் யதீம்களின் சொத்து.

யதீம்களின் பொருளை நமது பொருளோடு கலந்து உண்ணக் கூடாது என்றும், அநியாயமாக உண்பவர்கள் தமது வயிற்றில் நெருப்பையே நிரப்பிக்கொள்கிறார்கள் என்றும் அதே சூரா நிஸா எச்சரிக்கிறது. பள்ளிவாசலுக்குத்தானே கொடுக்கிறோம், நாம் உண்ணவில்லையே என்று சமாதானம் சொல்ல முடியாது. பிள்ளையின் கையிலிருந்து போனது போனதுதான்.

“பெற்ற தாய்க்கே அந்த உரிமை இல்லையா?” என்று மனம் நோகலாம். பிள்ளையை வளர்க்கும் உரிமை வேறு, பிள்ளையின் பொருளைத் தானம் செய்யும் உரிமை வேறு. இரண்டாவது உரிமை பெற்ற தகப்பனுக்கே இல்லை. பிள்ளையின் பொருளைக் காப்பவர் அதைப் பெருக்கலாம். தேவைக்குப் பிள்ளைக்காகச் செலவிடலாம். பிறருக்கு இனாமாகக் கொடுக்க முடியாது. 12 வயது மகன் “கொடுங்க உம்மா” என்று தலையாட்டினாலும் அந்தச் சம்மதம் செல்லாது. அவன் பருவமடைந்து, பொருளின் அருமை தெரிந்த பின் கொடுத்தால்தான் அது அவனுடைய ஸதகா.

அப்படியானால் வழியே இல்லையா?

உண்டு. ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களின் தாயார், மகன் ஊரில் இல்லாதபோது மௌத்தானார்கள். அவர்களுக்காகத் தர்மம் செய்தால் பலன் சேருமா என்று ஸஅத் (ரலி) கேட்டபோது, சேரும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். உடனே ஸஅத் (ரலி) தமது பேரீச்சந் தோட்டத்தைத் தாயாருக்காக ஸதகாவாக்கினார்கள். கவனியுங்கள், அவர் கொடுத்தது தமது சொந்தத் தோட்டத்தை. மௌத்தானவருக்காகக் கொடுக்க விரும்புகிறவர் தம் கைப்பொருளிலிருந்து கொடுக்கலாம். அதன் நன்மை போய்ச்சேரும். வேன் முழுவதையும் கொடுத்தால்தான் மர்ஹூமுக்கு நன்மை என்று எண்ண வேண்டியதில்லை.

நடைமுறைக்கு வருவோம். வண்டி விஷயம் தெரிந்த, அல்லாஹ்வைப் பயந்த இரண்டு பேரைக் கொண்டு வேனை மதிப்பிடுங்கள். ஒரு பேச்சுக்கு 12 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். அதில் சிறு பிள்ளைகள் இருவரின் பங்கு 6 இலட்சத்து 37 ஆயிரத்து 500 ரூபா. மனைவி, மாமியார், மூத்த மகள் ஆகிய மூவரின் பங்கு 5 இலட்சத்து 62 ஆயிரத்து 500 ரூபா. பெரியவர்கள் மூவரும் மனப்பூர்வமாகச் சம்மதித்தால் தங்கள் பங்கை ஸதகாவாகக் கொடுக்கலாம். மாமியாரிடம் தனியாகக் கேளுங்கள். “எல்லாரும் கொடுக்கிறார்கள், நான் மட்டும் எப்படி வேண்டாம் என்பது” என்ற வெட்கத்தில் வரும் சம்மதம் சம்மதமல்ல. மருந்துக்கும் கைச்செலவுக்கும் அந்தப் பங்கே அவருக்குத் தேவையாக இருக்கலாம்.

பள்ளிக்கு வேன்தான் வேண்டும் என்றால், ஜமாஅத்தார் சிறு பிள்ளைகளின் பங்குக்குரிய 6 இலட்சத்து 37 ஆயிரத்து 500 ரூபாவைத் திரட்டிக் கொடுத்து வேனைப் பெற்றுக்கொள்ளலாம். அந்தப் பணம் பிள்ளைகள் பெயரில் வங்கியில் இருக்கட்டும். இப்படிச் செய்தால் பள்ளிக்குப் பாதி விலையில் வேன்; பெரியவர்களுக்கு ஸதகாவின் நன்மை; யதீம்களின் ஹக்கும் பத்திரம். ஊரார் பத்து ரூபா, நூறு ரூபா போட்டுச் சேர்ந்த வேன் என்றால் அதில் எல்லோருக்கும் பங்கு கிடைக்கிறது. சிறியவர்களின் பொருளை விற்பதற்கு நாட்டுச் சட்டத்தில் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படலாம் என்பதால் இதில் சட்டத்தரணியின் ஆலோசனையும் வேண்டும்.

புத்தகத்தின் கதை

உரிமை யாருக்கு என்பது தெளிவானது. இனி அந்த உரிமையைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுசேர்ப்பது எப்படி? அதற்குத்தான் புத்தகம்.

நமது நாட்டில் வாகனங்களின் பதிவு 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி நடக்கிறது. பதிவேடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் இருக்கிறது. நாம் ‘புத்தகம்’, ‘சி.ஆர்.’ என்று சொல்வது அந்தத் திணைக்களம் தரும் பதிவுச் சான்றிதழை. வண்டி கைமாறினால் 14 நாட்களுக்குள் பழைய சொந்தக்காரரும் புதிய சொந்தக்காரரும் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் நடப்பில் என்ன செய்கிறோம்? விற்பவர் மாற்றப் பத்திரத்தில் கையொப்பம் மட்டும் வைத்து, திகதியும் வாங்குபவர் பெயரும் எழுதாமல் வெறுமையாகக் கொடுத்துவிடுகிறார். இதுவே ஓப்பன் பேப்பர். அதை வாங்கியவர் அடுத்தவருக்கு விற்கிறார், அவர் இன்னொருவருக்கு. வண்டி நாலு கை மாறியிருக்கும். பதிவேட்டில் முதலாமவர் பெயரே நிற்கும்.

இதன் தீங்கு உடனே தெரியாது. வண்டி எங்காவது விபத்தில் சிக்கினால் பொலிசார் முதலில் தேடிச் செல்வது பதிவேட்டில் உள்ளவரை. அவர் என்றோ விற்று மறந்தவர். மறுபுறம், அவர் மௌத்தாகிவிட்டால் அவருடைய பிள்ளைகள், “இது எங்கள் வாப்பாவின் வண்டி” என்று உரிமை கேட்டு வரலாம். எழுத்து அவர்கள் பக்கம் பேசும். இன்னொன்றும் உண்டு. லீசிங்கில் எடுத்த வண்டியானால் பதிவுச் சான்றிதழில் நிதிக் கம்பனியின் பெயர் முழு உரிமையாளர் என்று பதியப்பட்டிருக்கும். தவணை முடிந்து கம்பனி விடுவிப்புக் கடிதம் தரும் வரை அந்த வண்டியை விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. கடன் உள்ள பொருளில் கடன்காரரின் ஹக்கு தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை மார்க்கமும் சொல்கிறது.

புத்தகம் தொலைந்தால் செய்யவேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலில் வீட்டில் உள்ள பழைய கடதாசிகளைப் புரட்டிப் பாருங்கள். பழைய வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிப் பத்திரம், லீசிங் பற்றுச்சீட்டு, வேனை வாங்கியபோது எழுதிய துண்டு எதுவும் உதவும். வண்டியின் இலக்கத்தையும், இஞ்சின் இலக்கத்தையும், செசி இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வாகன இலக்கத்தைக் கொடுத்து, உரிய கட்டணம் செலுத்தி, பதிவேட்டில் உள்ள விபரத்தைத் திணைக்களத்திலிருந்து பெறுங்கள். இப்போது யார் பெயரில் இருக்கிறது, நிதிக் கம்பனி ஏதும் பதியப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். ஊகத்தில் ஓடுவதைவிட இது நல்லது.

மூன்றாவது, புத்தகம் தொலைந்ததைப் பற்றிப் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியை வாங்கி வையுங்கள்.

நான்காவது, பிரதிப் புத்தகம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவு பெற்ற சொந்தக்காரர்தான். வண்டியைக் கையில் வைத்திருப்பவர் கேட்டுக் கிடைக்காது. ஆகவே வெலிமடைக்காரரைத் தேடிப் போகவேண்டும். தனியாகப் போகாமல் கணவரின் சகோதரர் ஒருவரையோ பள்ளி நிர்வாகத்தில் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஊர் தெரிந்தால் கிராம உத்தியோகத்தர் மூலம் விசாரிக்கலாம். பள்ளிக்குக் கொடுக்கத்தான் என்று சொன்னால் முஸ்லிமோ சிங்களவரோ தமிழரோ பெரும்பாலும் உதவுவார்கள். அவரும் மௌத்தாகியிருந்தால் அவருடைய வாரிசுகளின் சம்மதமும் கையொப்பமும் தேவைப்படும். நீதிமன்றம் வரை போகவும் நேரலாம்.

ஐந்தாவது, பெயர் மாற்றம் எந்த வழியில் நடக்கவேண்டும் என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள். கையில் காசில்லாதவர்களுக்கு இலவசமாக உதவுவதற்கென்றே சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டிருக்கிறது. இத்தாவிலும் துயரத்திலும் உலகம் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

இதற்கெல்லாம் பதிலாக ஒரு குறுக்கு வழியைத் தரகர்மார் சொல்லுவார்கள். “ஒரு கையெழுத்துத்தானே தாத்தா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பார்கள். இல்லாத மனிதர் இருப்பதுபோலவும், மௌத்தானவர் உயிரோடு இருப்பதுபோலவும் எழுதிக் கையொப்பம் வைப்பது பொய்ச் சாட்சி. பெரும்பாவங்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னது அது. நாட்டுச் சட்டத்திலும் சிறைக்குரிய குற்றம். பொய்க் கையொப்பத்தில் ஏறிப் பள்ளிக்கு வரும் வண்டி மையித்தைச் சுமந்தால் என்ன பரகத் இருக்கும்? அல்லாஹ் தூயவன்; தூயதையே ஏற்பான்.

சொந்தக்காரர் யாரென்றே தெரியாத வண்டிகளும் உண்டு. கராஜில் திருத்தக் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பி வராமல், இலக்கத் தகட்டில் ‘ஸ்ரீ’ எழுத்தோடு பல வருடம் புல் முளைத்துக் கிடக்கும் பழைய கார்களைப் பார்த்திருப்பீர்கள். கராஜ்காரர் அதைத் தர்மமாகக் கொடுத்துவிட முடியாது. அது அவர் கையில் உள்ள அமானிதம். சொந்தக்காரரையோ வாரிசுகளையோ தேடவேண்டும். கிடைக்காவிட்டால் பொலிஸ், நீதிமன்றம் வழியாகவே அதற்கு முடிவு காணவேண்டும்.

பள்ளி நிர்வாகத்தினருக்கு

பெறுகிறவர்களுக்கும் கடமை உண்டு. “கொடுத்ததை வாங்கிப் போடுவோம், புத்தகத்தைப் பிறகு பார்ப்போம்” என்று திறப்பை வாங்கி வைக்கக் கூடாது. வருமான அனுமதிப்பத்திரமும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் இல்லாமல் ஒரு வண்டி வீதியில் இறங்க முடியாது. இரண்டு வருடம் நின்ற வண்டிக்கு நிலுவை இருக்கும். புகைப் பரிசோதனையும் வேண்டும். ஊவா மலையின் வளைவுப் பாதையில் மழை நேரம் ஒரு விபத்து நடந்து, காப்புறுதியும் இல்லை, பெயரும் வேறு என்றால் வழக்கும் நட்டஈடும் யார் தலையில் விழும்? சாரதியின் தலையிலும், கொடுத்த விதவையின் தலையிலும்தான். நன்மை தேடிக் கொடுத்த பெண்ணை நீதிமன்றப் படியில் ஏற்றுவது கொடைக்குச் செய்யும் நன்றியல்ல.

பெயர் மாறும்போது தலைவரின் பெயரிலோ செயலாளரின் பெயரிலோ மாற்றாமல், பள்ளிவாசலின் பெயரிலேயே வரும்படி செய்யுங்கள். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கப் பள்ளிவாசல்கள், தர்ம நம்பிக்கைகள் அல்லது வக்புகள் சட்டத்தின்கீழ் பதியப்பட்ட பள்ளிக்கு நம்பிக்கையாளர் சபை இருக்கிறது, கணக்கும் இருக்கவேண்டும். தலைவர் மாறுவார், மௌத்தாவார். அவர் பெயரில் இருந்தால் நாளை அதுவும் ஒரு வாரிசுப் பிரச்சினையாகிவிடும்.

கொடுப்பதை எழுத்திலும் வையுங்கள். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தில் நன்கொடையைப் பற்றியும் ஏற்பாடு இருக்கிறது. நன்கொடைப் பத்திரத்தில், இது திரும்பப் பெறமுடியாதது என்று எழுதியிருந்தால்தான் அப்படிக் கொள்ளப்படும். பத்திரத்தைப் பெறுபவர் கையில் ஒப்படைப்பது, பொருளை ஒப்படைத்ததற்குச் சாட்சியாகவும் எடுத்துக்கொள்ளப்படும். கையளித்தலால் ஹிபா பூரணமாகிறது என்று நமது கிதாபுகள் சொல்வதோடு இது எவ்வளவு நெருங்கி வருகிறது பாருங்கள்.

எழுதுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று கேட்டபோது, அசலை நிறுத்தி வைத்துப் பலனைத் தர்மம் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் வழி சொன்னார்கள். விற்கப்படாது, இனாமாகக் கொடுக்கப்படாது, வாரிசாகப் பிரிக்கப்படாது என்ற நிபந்தனைகளுடன் அது வக்பானது. பின்னர் உமர் (ரலி) அதை எழுத்தில் வைத்தார்கள். எழுதியவர் முஐகீப் (ரலி), சாட்சி அப்துல்லாஹ் இப்னுல் அர்கம் (ரலி) என்று அபூதாவூதில் வருகிறது. அந்த வக்பின் பொறுப்பு யாரிடம் கொடுக்கப்பட்டது தெரியுமா? தமது மகளும் நமது உம்முல் முஃமினீனுமான ஹப்ஸா (ரலி) அவர்களிடம். உமரைப் போன்ற ஒருவரின் வார்த்தைக்கே எழுத்தும் சாட்சியும் இருந்தன. பெண்ணுக்குப் பத்திரம் எதற்கு என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவில் பழைய காரைத் தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுப்பது பெரிய வழக்கம். அங்கும் உரிமைப் பத்திரம் தொலைந்திருந்தால், மாநில வாகனக் காரியாலயத்தில் பிரதி எடுத்துக்கொண்டு வரும்படியே ஸ்தாபனங்கள் சாதாரணமாகச் சொல்லும். காருக்கு இல்லாத விலையைக் காட்டி வரிச் சலுகை பெற்றவர்களும் இருந்ததால், 2005 முதல் 500 டொலருக்கு மேற்பட்ட சலுகை கேட்டால், பொதுவாக அந்தக் கார் விற்ற தொகைக்கு மட்டுமே சலுகை என்று சட்டத்தை இறுக்கினார்கள். இங்கிலாந்தில் வாகனப் பதிவுப் புத்தகம், பதிவுபெற்ற பொறுப்பாளரைக் காட்டுமே தவிர அவர்தான் சொந்தக்காரர் என்பதற்கு அது அத்தாட்சி அல்ல. புத்தகமே உரிமையாகாது, புத்தகம் இல்லாமல் உரிமையை ஒழுங்காகக் கைமாற்றவும் முடியாது. எந்த நாட்டிலும் இந்த இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன.

வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியது

நமது மலைகளில் கடதாசிக்கு மழையும் மண்ணும் எதிரி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலிலும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. அப்படியான வேளையில் உயிரோடு ஓடிவருவதே பெரிய நிஃமத். அலுமாரியைத் திறந்து பத்திரம் தேட நேரம் இருக்காது.

ஆகவே சகோதரிகளே, காணி உறுதி, வாகனப் புத்தகம், காவின் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே உறையில், தண்ணீர் புகாத பொலித்தீனில் போட்டு, எடுக்கச் சுலபமான இடத்தில் வையுங்கள். ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் மகளுக்கோ சகோதரருக்கோ அனுப்பி வையுங்கள். படம் அசலாகாது, ஆனால் இலக்கங்கள் தெரிந்தால் பிரதி எடுப்பது பாதி சுலபமாகிவிடும்.

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் கணவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நமது வண்டி யார் பெயரில் இருக்கிறது? புத்தகம் எங்கே? அதில் யாருக்காவது கடன் இருக்கிறதா? முச்சக்கர வண்டியானாலும் மோட்டார் சைக்கிளானாலும் கேளுங்கள். “நான் மௌத்தாகப் போகிறேனா?” என்று அவர் சிரிக்கலாம், கோபிக்கவும் செய்யலாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்ற கட்டளை வந்த ஸூரா பகராவின் 282ஆவது வசனந்தான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் என்று அவருக்கு அன்பாக எடுத்துச் சொல்லுங்கள். ஓப்பன் பேப்பரில் இருந்தால், விற்றவரும் வாங்கியவரும் உயிரோடு இருக்கும்போதே 14 நாள் என்ற சட்டத்தைத் தாமதமாகவேனும் நிறைவேற்றிவிடச் சொல்லுங்கள். இன்று ஒரு பயணத்தோடும் சிறு செலவோடும் முடியும் காரியம், நாளை ஒரு விதவையின் தலையில் பல வருட அலைச்சலாக விழாமல் இருக்கட்டும்.

தான் உயிரோடு இருக்கும்போதே தனது பெயரில் உள்ள பொருளை, தனது கையால், எழுத்தோடும் சாட்சியோடும் அல்லாஹ்வுக்காகக் கொடுக்கிறவர் பாக்கியவான். அவருக்குப் பின் அவருடைய மனைவியோ பிள்ளையோ எந்தக் கந்தோரின் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

நாம் விரும்பிக் கொடுப்பவற்றைத் தூயதாகவும், பிறர் ஹக்குக் கலவாததாகவும் ஆக்கி, அதை அங்கீகரித்து, நம்மை முந்திச் சென்றவர்களின் கப்றுகளை ஒளியாக்க வல்ல நாயன் அருள்புரிவானாக. ஆமீன்.